கிறிஸ்துமஸ் காதல் படங்களில் தனியாகப் பிள்ளை வளர்க்கும் அம்மா: அப்பா ஏன் இறந்தே போயிருக்க வேண்டும்?

#1 பனிக்காலம்

டிசம்பர் பிறந்தால் எங்கள் வீட்டு டிவியில் ஹால்மார்க் (அமெரிக்க வாழ்த்து அட்டைக் கம்பெனி, அதன் பெயரிலேயே டிவி சேனலும் உண்டு) வகைப் படங்கள்தான் ஓடும். நேற்று ராத்திரி ‘எ கிறிஸ்துமஸ் மெலடி’ மறுபடியும் பார்த்தோம், 2015-இல் வந்தது, பாடகி மரையா கேரி இயக்கி அவரே நடித்தது. லாஸ் ஏஞ்சலஸில் துணிக்கடை வைத்திருந்த கிறிஸ்டின் (லேசி சேபர்ட்) தொழில் சரிவராமல் கடையை மூடிவிட்டு, மகள் எமிலியை அழைத்துக்கொண்டு ஓஹையோவில் தான் வளர்ந்த சின்ன ஊருக்கே திரும்பி வருகிறாள். புதுப் பள்ளி எமிலிக்குப் பிடிக்கவில்லை. அங்கே இசை ஆசிரியர் டேனி. கூடவே பெற்றோர் சங்கத் தலைவியாக மெலிசா, அதாவது மரையா கேரி, அந்தக் காலத்திலிருந்தே கிறிஸ்டினோடு ஒத்துப்போகாதவள். இதற்கு மேல் கதை சொல்லத் தேவையில்லை, முடிவு எல்லாருக்கும் தெரியும்.

முடிவு தெரியும் என்பதாலேயே இந்தப் படங்களை மட்டமாகப் பேசுகிறவர்கள் நிறையப் பேர். எனக்கு அதில் உடன்பாடில்லை. தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஒருத்தியை இந்த வகைப் படங்கள் நடத்தும் விதம் எனக்குப் பிடித்திருக்கிறது. அவளைப் பார்த்து யாரும் ‘ஐயோ பாவம்’ என்று சொல்வதில்லை. அவளுடைய பிரச்சினை ஆம்பளைத் துணை இல்லை என்பது அல்ல, கடை போய்விட்டது, கையில் காசில்லை, பொண்ணு பள்ளியில் ஒட்டமாட்டேன் என்கிறாள், இதுதான் பிரச்சினை. காதல் அப்புறம் வருகிறது, அதுவும் பிள்ளை வழியாக வருகிறது. டேனி முதலில் எமிலியின் வாத்தியார், பிறகுதான் கிறிஸ்டினுக்கு மற்றதெல்லாம். அம்மாவின் மனசைப் பிடிக்க வேண்டும் என்றால் பிள்ளையிடம் முதலில் நல்ல பெயர் வாங்க வேண்டும் என்கிற இந்த வரிசை எனக்கு ரொம்ப நியாயமாகப் படுகிறது.

ஆனால் ஒரு விஷயம் பல வருஷமாக உறுத்துகிறது. இந்த வகைப் படங்களில் நிறையவற்றில் பிள்ளையின் அப்பா இறந்துபோயிருக்கிறார். சும்மா ஓடிப்போனவர், விவாகரத்து ஆனவர், அடுத்த தெருவில் வேறு குடும்பத்தோடு இருப்பவர், இப்படி வந்தால் அபூர்வம். 2004-இல் ஹால்மார்க்கில் வந்த ‘சிங்கிள் சான்டா சீக்ஸ் மிஸஸ் கிளாஸ்’ படத்திலும் விளம்பரத் துறையில் வேலை பார்க்கும் அந்த அம்மா விதவைதான். அமெரிக்காவில் தனியாகப் பிள்ளை வளர்க்கும் அம்மாக்களில் பெரும்பாலோர் விவாகரத்து ஆனவர்கள் அல்லது கல்யாணமே ஆகாதவர்கள், கணவனை இழந்தவர்கள் மிகச் சிறிய பங்குதான். அப்படியிருக்கப் படத்தில் மட்டும் ஏன் இப்படி? இங்கே பழைய படங்கள் பார்த்தவர்கள் இருக்கிறீர்கள், சொல்லுங்கள்.

#2 நூலகப்பூனை

நல்ல கேள்வி. இதற்கு 1947 வரை பின்னால் போக வேண்டும்.

‘மிராக்கிள் ஆன் 34த் ஸ்ட்ரீட்’ எல்லாருக்கும் கிறிஸ்துமஸ் தாத்தா படமாகத்தான் ஞாபகம் இருக்கும். கொஞ்சம் ஒதுங்கி நின்று பார்த்தால் அது ஒரு சிங்கிள் மதரின் காதல் கதை. டோரிஸ் வாக்கர் (மரீன் ஓஹாரா) நியூயார்க் மேஸிஸ் கடையில் பொறுப்பான வேலையில் இருக்கிறாள், நன்றி தெரிவித்தல் நாள் ஊர்வலத்தை நடத்துவது அவள்தான். விவாகரத்து ஆனவள். மகள் சூசனிடம் (குட்டி நடாலி வுட்) தேவதைக் கதை, கிறிஸ்துமஸ் தாத்தா கதை எதையும் சொல்லாமல் வளர்க்கிறாள். தான் நம்பிய ஒருவன் கைவிட்டுப் போன அடி அது, மகளுக்கும் அதே ஏமாற்றம் வரக்கூடாது என்கிற பயம். படத்தின் முழுக் கதையும் அந்த விவாகரத்திலிருந்துதான் கிளம்புகிறது. டோரிஸை விதவையாக மாற்றிப் பாருங்கள், மகளை அவள் அப்படி வளர்ப்பதற்குக் காரணமே இல்லாமல் போய்விடும்.

பக்கத்து வீட்டு வக்கீல் ஃபிரெட் கூடச் சூசன் வழியாகத்தான் உள்ளே வருகிறார். பனிக்காலம் சொன்ன அந்த வரிசை அப்போதே இருக்கிறது. தன் வீட்டு ஜன்னலிலிருந்து ஊர்வலத்தைப் பார்க்க அந்தப் பெண்ணைக் கூப்பிடுகிறார், அப்புறம் அவள் மூலமாகவே அன்றைய விருந்துக்குத் தன்னை அழைக்க வைக்கிறார்.

இப்படிப்பட்ட படத்துக்கு அமெரிக்கக் கத்தோலிக்க அமைப்பான லீஜன் ஆஃப் டீசன்சி ‘பி’ தரம் கொடுத்தது. ஒழுக்க ரீதியில் ஒரு பகுதி ஆட்சேபத்துக்குரியது என்று அர்த்தம். காரணம், நாயகி விவாகரத்து ஆன அம்மா! முத்தமோ ஆடையோ காரணம் இல்லை. கிறிஸ்துமஸ் தாத்தா உண்மையா என்று கோர்ட்டில் வழக்கு நடக்கும் ஒரு குழந்தைகள் படத்துக்கு இந்த முத்திரை.

இரண்டே வருஷத்தில், 1949-இல், ஆர்கேஓ நிறுவனம் ‘ஹாலிடே அஃபேர்’ எடுத்தது. அதில் கோனி எனிஸ் (ஜேனட் லீ) போரில் கணவனை இழந்தவள். மகன் டிம்மி. இங்கே யாருக்கும் ஆட்சேபம் எழ வழியே இல்லை. முதல் படத்தைப் பார்த்துப் பயந்துதான் இதை இப்படி எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. உலகப் போர் முடிந்து நாலு வருஷம், போர் விதவைகள் எல்லா ஊரிலும் இருந்தார்கள், அப்போது அது நிஜக் கதை. ஆனால் இந்த இரண்டு வழியில் எது பாதுகாப்பானது என்று பின்னால் வந்தவர்களுக்குப் புரிந்துவிட்டது. 1996-இல் இதையே டிவிக்கு மறுபடி எடுத்தார்கள், சிந்தியா கிப், டேவிட் ஜேம்ஸ் எலியட் நடித்தது. இன்றைய டிவிப் படங்கள் ஏறக்குறைய இந்தக் கோனியின் பேத்திகள்தான், டோரிஸுக்கு வாரிசு குறைவு.

#3 மாடிப்படி

ஹாலிடே அஃபேர் கதையை முழுசாகச் சொல்லுங்களேன் பூனை. முடிவு தெரிந்தால் பரவாயில்லை, பார்க்க நேரம் கிடைக்குமா தெரியாது.

#4 நூலகப்பூனை

சொல்கிறேன். அந்தப் படத்தின் முதல் பத்து நிமிஷம் எனக்குக் கிட்டத்தட்ட மனப்பாடம்.

கோனியின் வேலை விசித்திரமானது. ஒரு கடைக்காகப் போட்டிக் கடைகளுக்குப் போய்ப் பொருள் வாங்கி, விலையும் தரமும் என்ன என்று அறிந்து வர வேண்டும், பிறகு அந்தப் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அப்படி ஒரு பெரிய கடையில் விலை கூடிய ரயில் பொம்மை ஒன்றை வாங்குகிறாள். விலை கேட்டு முகம் சுளிக்கவில்லை, கேள்வி கேட்கவில்லை, சரியான சில்லறையை எடுத்து நீட்டுகிறாள். கவுன்டரில் நிற்கும் ஸ்டீவ் (ராபர்ட் மிட்சம்) அதிலேயே கண்டுபிடித்துவிடுகிறான், பிள்ளைக்கு வாங்கும் அம்மா இப்படி வாங்க மாட்டாள்.

ராத்திரி டிம்மி பெட்டியைத் திறந்து பார்த்துவிடுகிறான், தனக்குத்தான் என்று நினைக்கிறான். அவன் முகம் மலர்ந்து அப்புறம் வாடும் அந்த இடம் இருக்கிறதே, அம்மாவுக்கும் தெரிகிறது, ஆனால் காலையில் அதைத் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும், அது அவள் சம்பளம். மறுநாள் கடைக்குப் போகிறாள். ஸ்டீவ் அவளைப் பற்றி மேலே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை, அதனால் அவனுக்கு வேலை போகிறது. கிறிஸ்துமஸ் காலையில் பார்த்தால் அந்த ரயில் டிம்மியின் வாசலில் இருக்கிறது! கையில் மிச்சமிருந்த காசில் ஸ்டீவ் வாங்கி வைத்தது.

பின்னால் ஸ்டீவுக்குக் காசில்லை என்று தெரிந்ததும் டிம்மி என்ன செய்கிறான் தெரியுமா, தன்னந்தனியாக அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய், முதலாளி வரைக்கும் போய் நின்று, இதைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுங்கள் என்று கேட்கிறான். ஆறு வயசுப் பையன், அவனைவிடப் பெரிய பெட்டி.

இன்னொரு பக்கம் கோனிக்கு ஏற்கெனவே ஒரு மாப்பிள்ளை தயாராக இருக்கிறான், கார்ல், வக்கீல், நல்ல மனுஷன், வசதி உண்டு. அவளோ இறந்துபோன கணவனின் அச்சாக மகனை வளர்த்துக்கொண்டிருக்கிறாள். அதை அவள் முகத்துக்கு நேராகச் சொல்வது ஸ்டீவ் மட்டும்தான். கடைசியில் புத்தாண்டுக்கு முந்தின ராத்திரி கலிஃபோர்னியா போகும் ரயிலில் அம்மாவும் பிள்ளையும் ஏறிவிடுகிறார்கள். ஸ்டீவ் அதில்தான் போய்க்கொண்டிருக்கிறான்.

வந்தபோது படம் வசூலில் தோற்றது. டிவியில் வருஷா வருஷம் போட்டுப் போட்டுத்தான் இதற்கு ரசிகர்கள் சேர்ந்தார்கள்.

#5 தறிச்சத்தம்

எல்லாரும் ரசிக்கிறீர்கள், சரி. எனக்கு இந்த வகை மேலேயே வருத்தம் உண்டு, அதையும் பதிவு செய்கிறேன்.

பனிக்காலம், பிரச்சினை காசுதான், துணை இல்லாதது அல்ல என்கிறீர்கள். அப்படியென்றால் படம் முடியும்போது காசுப் பிரச்சினை தீர வேண்டும் அல்லவா? தீர்வது காதல். துணிக்கடை மூடிய பெண்ணுக்கு வாடகை யார் கொடுப்பது, மருத்துவக் காப்பீடு என்ன ஆயிற்று, இரண்டு மணி நேரத்தில் ஒருமுறையாவது ஒரு பில் கண்ணில் படுகிறதா? வீடு முழுக்க விளக்கு, கூரையைத் தொடும் மரம், மேஜை நிறையப் பலகாரம். அமெரிக்காவில் பிள்ளைகளில் 23 சதவீதம் பேர் வேறு பெரியவர்கள் இல்லாமல் ஒரே பெற்றோரோடு வளர்கிறார்கள் என்று 2019-இல் பியூ ஆய்வு மையம் சொன்னது. 130 நாடுகளை ஒப்பிட்டதில் அதுதான் உச்சம், உலக சராசரி 7 சதவீதம். அவ்வளவு பெரிய கூட்டத்தின் வாழ்க்கையில் வறுமை ஒரு முக்கியமான பாடு. அதைத் திரையில் காட்டாமல் ‘பாவம் என்று சொல்லவில்லை’ என்று பாராட்டுவது எனக்கு ஒப்பவில்லை. பாவம் சொல்லாமல் இருப்பது வேறு, பாடே இல்லாத மாதிரி காட்டுவது வேறு.

பூனை சொன்ன 1949 படத்தில் பாருங்கள், ஒரு ரயில் பொம்மையைத் திருப்பிக் கொடுப்பதா வேண்டாமா என்பதில் கதை நிற்கிறது. ஒரு பொருளின் விலை அந்த அம்மாவுக்கு எவ்வளவு கனம் என்று அந்தக் காலத்து எழுத்தாளருக்குத் தெரிந்திருக்கிறது. இப்போது வருகிறவற்றில் அந்தக் கனம் எங்கே?

#6 கொங்குத்தமிழச்சி

நான் இங்கே அதிகம் எழுதுவதில்லை, படித்துவிட்டுப் போய்விடுவேன். இந்தத் தலைப்பில் பேசாமல் இருக்க முடியவில்லை.

நான் விவாகரத்து ஆனவள். பையன் ஏழாவது படிக்கிறான். தறிச்சத்தம் அண்ணா, நீங்கள் சொன்னது எல்லாம் சரி, ஆனால் ராத்திரி பத்து மணிக்குப் பாத்திரம் கழுவி முடித்து உட்காரும்போது வாடகை பில்லைத் திரையில் வேறு பார்க்க எனக்கு விருப்பமில்லை. அது என் மேஜை டிராயரிலேயே இருக்கிறது. எனக்கு வேண்டியது வேறு. என்னை மாதிரி ஒருத்தியைப் பார்த்து ஒரு மனுஷன் ஆசைப்படுகிறான், அதை ஊரே சந்தோஷமாகப் பார்க்கிறது, பிள்ளை வெட்கப்படவில்லை, மாமியார் வயசில் இருக்கும் ஒரு அம்மா ‘நீ போய்ட்டு வா, நான் குழந்தையைப் பாத்துக்கறேன்’ என்று சொல்கிறாள். இந்தக் காட்சிகளுக்காகத்தான் நான் பார்க்கிறேன். நான் பார்த்து வளர்ந்த கதைகளில் என் மாதிரிப் பெண்ணுக்குப் பிள்ளையின் படிப்பும் வெள்ளைப் புடவை மாதிரி ஒரு பொறுமையும்தான் மிச்சம்.

அதனால்தான் பனிக்காலத்தின் கேள்வி என்னைக் குத்தியது. விதவைக்கு மட்டும்தான் அந்த இரண்டாவது காதல் தடையில்லாமல் கிடைக்கிறது. அவள் மேல் தப்பு இல்லை, விதி செய்தது, பழைய கணவன் போட்டோவில் சிரித்துக்கொண்டிருப்பான், அவனும் மேலிருந்து ஆசீர்வாதம் பண்ணுகிற மாதிரி ஒரு வசனம் வரும். என் பையனின் அப்பா போட்டோவில் இல்லை, போனில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவார், சில வாரம் கூப்பிட மாட்டார், பையன் போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதுவான். பள்ளியில் ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது, அப்பா கையெழுத்து எங்கே என்று கவுன்டரில் கேட்டார்கள். நான் இரண்டு இடத்திலும் என் கையெழுத்தையே போட்டேன். இப்படி உயிரோடு இருக்கும் அப்பாவை வைத்துக்கொண்டு ஒருத்தி மறுபடி ஒருவனை நம்புவது எப்படி? அதை ஒரு நல்ல மனசுப் படம் எனக்குக் காட்ட வேண்டும். அழ வைக்கிற படம் வேண்டாம், அது நிறைய இருக்கிறது.

#7 மாடிப்படி

அக்கா, நிறைய எழுதுங்கள் இங்கே.

#8 ஒட்டாவாகுளிர்

கொங்குத்தமிழச்சி அக்கா கேட்டதற்குத் தயாரிப்புப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்ல முடியும். இந்தப் படங்களில் பெரும்பங்கு கனடாவில்தான் எடுக்கிறார்கள், வரிச் சலுகை, டாலர் மதிப்பு இரண்டும் காரணம். வான்கூவர் பக்கம் நிறைய, எங்கள் ஒட்டாவா பக்கம் ஆல்மான்ட் என்று ஒரு சின்ன ஊர், அங்கேயும் நிறைய. பழைய கல் கட்டடம், நடுவே ஆறு, மில் தெரு என்று ஒரு கடைத்தெரு, அதில் கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்துக்கு ஒரு சிலை, அவர் அந்தப் பக்கத்துக்காரர். ஒரு கோடையில் ஐஸ்கிரீம் வாங்கப் போனபோது அங்கே ஷூட்டிங். நாங்கள் அரைக்கை சட்டையில் வியர்த்துக்கொண்டு நிற்கிறோம், நடைபாதை ஓரமெல்லாம் வெள்ளைப் போர்வையைச் சுருள் சுருளாக விரித்து அதன் மேல் தூள் பனியைத் தெளித்துக்கொண்டிருந்தார்கள். நாயகி கம்பளிக் கோட்டு, மஃப்ளர், கையுறை எல்லாம் போட்டு நிற்கிறார். கட் சொன்னதும் ஒரு பெண் ஓடிவந்து சின்ன மின்விசிறியை அவர் கழுத்துக்கு நேரே பிடித்தாள். திரும்ப ஷாட், உடனே கையைத் தேய்த்துக்கொண்டு குளிர்கிற மாதிரி சிரித்தார். அந்த உழைப்பைப் பார்த்த பிறகு இதை யாரும் லேசாகப் பேசினால் எனக்குப் பொறுக்காது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு படத்தை மூன்று வாரத்துக்குள் எடுத்து முடிப்பார்கள். பனிக்காலம் சொன்ன மெலடி படம் 2015 அக்டோபரில் சின்சினாட்டியில் எடுத்து அதே டிசம்பர் ஒளிபரப்பானது. இரண்டு மணி நேர ஒளிபரப்பில் விளம்பரம் போகப் படம் 84 நிமிஷம் மாதிரி வரும். திரைக்கதையை விளம்பர இடைவேளைக்கு ஏற்ப ஒன்பது துண்டாக எழுதுவார்கள், ஒவ்வொரு துண்டும் அடுத்து என்ன என்று இழுக்கும் ஒரு கொக்கியில் முடிய வேண்டும். முதல் முத்தம் யாராவது குறுக்கே வந்து தடைபட வேண்டும், கடைசிக்கு முந்தின துண்டில் ஒரு தப்பர்த்தம் வர வேண்டும். 2019-இல் மட்டும் ஹால்மார்க்கின் இரண்டு சேனலுக்கும் சேர்த்து 40 புதுக் கிறிஸ்துமஸ் படங்கள்.

இந்தச் சட்டகத்துக்குள் உயிரோடு இருக்கும் அப்பா நுழைந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அமெரிக்காவில் விவாகரத்து ஆன பெற்றோருக்கு யார் எப்போது பிள்ளையை வைத்திருப்பது என்று கோர்ட் ஒப்புதலோடு ஒரு திட்டம் இருக்கும், அதில் பண்டிகை நாட்கள் தனியாகப் பிரித்து எழுதப்பட்டிருக்கும். இரட்டைப்படை வருஷம் கிறிஸ்துமஸ் அம்மாவிடம், ஒற்றைப்படை வருஷம் அப்பாவிடம் என்பது சாதாரணமாகப் பார்க்கக்கூடிய ஏற்பாடு. அல்லது 24 ஒருவரிடம், 25 மதியத்துக்கு மேல் இன்னொருவரிடம். ஆக அப்பா உயிரோடு இருந்தால் பாதி வருஷங்களில் மரத்தடியில் பிள்ளையே இருக்காது! படத்தின் கடைசிக் காட்சியே கையை விட்டுப் போய்விடும். அப்பாவைச் சாகடித்தால் ஒரு வசனத்தில் வேலை முடிந்தது. அப்பாவைக் கெட்டவனாகக் காட்டினால் படம் கசந்துவிடும். நல்லவனாகக் காட்டினால் ஏன் பிரிந்தார்கள் என்று விளக்க வேண்டும், அதற்கு நிமிஷம் இல்லை. வாழ்த்து அட்டைக் கம்பெனியின் சேனல் என்பதால் வந்த தயக்கமும் இருக்கும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்து நேரம்தான் பெரிய காரணம்.

#9 பனிக்காலம்

ஒட்டாவாகுளிர், பண்டிகைப் பங்கீடு விஷயம் எனக்குப் புதிது. ஆனால் நீங்கள் தடை என்று சொன்னதுதான் எனக்கு நல்ல கதையாகத் தெரிகிறது. 24-ஆம் தேதி பிள்ளையை அப்பா வீட்டு வாசலில் இறக்கிவிட்டுக் காரைத் திருப்பும் ஒரு அம்மாவை யோசித்துப் பாருங்கள். அவளுக்கு அந்த ராத்திரி முழுசாகக் காலி. வீடு முழுக்க விளக்கு, பிள்ளை இல்லை. ஒரு பெண் ‘அம்மா’ என்கிற வேலை இல்லாமல் வெளியே வருகிற ஒரே ராத்திரி அதுதான், காதலுக்கு இதைவிட நல்ல இடம் உண்டா? ஒன்பது துண்டில் தாராளமாக அடங்கும்.

தறிச்சத்தம், உங்கள் வருத்தத்தை நான் ஒதுக்கவில்லை. ஆனால் காசு முழுக்கக் காணாமல் போய்விடுவதாகச் சொல்வது சரியில்லை. கிறிஸ்டின் ஊர் திரும்புவதே கடை நஷ்டத்தால்தான். 2008-இல் வந்த ‘தி மோஸ்ட் வொண்டர்ஃபுல் டைம் ஆஃப் தி இயர்’ பார்த்தீர்களா? ப்ரூக் பர்ன்ஸ் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் சிங்கிள் மதர், கிறிஸ்துமஸையே ஆபீஸ் வேலை மாதிரிப் பட்டியல் போட்டுத்தான் நடத்துகிறாள், ஏனென்றால் எல்லாம் அவள் ஒருத்தி தலையில். அவளுடைய மாமா ரால்ஃப் (ஹென்றி விங்க்ளர்) வழியில் பழகிய சமையல்காரன் ஒருவனை வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறார். அவளுக்கு ஏற்கெனவே வசதியான ஒரு காதலன் இருக்கிறான், அவன் தோற்கிறான், ஊர் ஊராகத் திரியும் சமையல்காரன் ஜெயிக்கிறான். ஹாலிடே அஃபேரில் வக்கீல் தோற்று வேலை போனவன் ஜெயித்தது போலவே. காசுப் பிரச்சினையைக் காதல் தீர்க்கிறது என்றால் அவள் பணக்காரனை அல்லவா பிடித்திருக்க வேண்டும்? இந்தப் படங்கள் திரும்பத் திரும்ப வசதியைத் தள்ளிவிட்டு நேரம் ஒதுக்குகிறவனைத் தேர்ந்தெடுக்கின்றன. அவளுக்குக் குறைவாக இருப்பது நேரம், சமையலறையில் இன்னொரு ஜோடிக் கை. அதை எழுதுகிறவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

#10 தறிச்சத்தம்

பணக்காரன் தோற்பது பற்றிச் சொன்னது நல்ல பாயிண்ட், ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் வேலை போனவனைத் தேர்ந்தெடுக்கும் தைரியம் அவளுக்கு வருவதே அடுத்த மாத வாடகையை எழுத்தாளர் மறைத்து வைத்ததால்தான். கோனிக்கு அந்தத் தைரியம் கடினமாக வந்தது, அதனால் நம்பினேன்.

கொங்குத்தமிழச்சி, உங்கள் பதிவைப் படித்தேன். பில்லைத் திரையில் பார்க்க வேண்டாம் என்று நீங்கள் சொல்வதை மதிக்கிறேன். நான் கேட்பது உங்களை மாதிரிப் பார்ப்பவர்களைப் பற்றி அல்ல, எழுதுகிறவர்களைப் பற்றி. இன்னும் ஒன்று. இந்த அம்மாக்கள் யாருமே ஒரு தப்பும் செய்வதில்லை. பிள்ளையிடம் எரிந்து விழுவதில்லை, மறப்பதில்லை, பொய் சொல்வதில்லை. இவ்வளவு நல்லவளாக இருந்தால்தான் அவளுக்குக் காதல் கிடைக்கும் என்பது மாதிரி இருக்கிறது. அது எனக்குப் பயமாக இருக்கிறது.

#11 நூலகப்பூனை

தறிச்சத்தம் கடைசியாகச் சொன்னதற்காக இதை எழுதியே ஆக வேண்டும்.

ஹால்மார்க்கின் பேர்பெற்ற டிவித் தொடர் தொடங்கியதே தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஒரு அம்மாவின் கிறிஸ்துமஸ் கதையோடுதான், அந்த அம்மா ஒரு தப்பு செய்கிறாள். 1951 டிசம்பர் 24, என்பிசி சேனல், நேரலை. ‘அமால் அண்ட் தி நைட் விசிட்டர்ஸ்’, ஜான் கார்லோ மெனோட்டி எழுதி இசையமைத்தது, அமெரிக்க டிவிக்கென்றே எழுதப்பட்ட முதல் ஆப்பரா, அதாவது முழுக்கப் பாட்டாகவே நடக்கும் நாடகம். ஹால்மார்க் ஹால் ஆஃப் ஃபேம் என்கிற தொடர் அங்கே தொடங்கியது.

ஊன்றுகோலோடு நடக்கும் இடையர் பையன் அமால், விதவையான அம்மா. ஆடெல்லாம் விற்றாயிற்று, நாளைக்குப் பிச்சை எடுக்கத்தான் போக வேண்டும் என்கிற நிலை. அந்த ராத்திரி குழந்தை ஏசுவைத் தேடிப் போகும் மூன்று ராஜாக்கள் தங்க இடம் கேட்டு வருகிறார்கள், கையில் பொன். எல்லாரும் தூங்கிய பிறகு அம்மா மட்டும் விழித்திருந்து அந்தப் பொன்னையே பார்க்கிறாள். இவ்வளவையும் எங்கேயோ இருக்கும் முகம் தெரியாத ஒரு குழந்தைக்குக் கொண்டு போகிறார்களே, என் பிள்ளை பட்டினி கிடக்கிறானே என்று பாடுகிறாள். கையை நீட்டி எடுக்கிறாள். ராஜாக்களின் வேலைக்காரன் பிடித்துவிடுகிறான். அமால் ஊன்றுகோலைத் தூக்கிக்கொண்டு அம்மாவுக்காக அவனை அடிக்கப் போகிறான். ராஜா மெல்கியோர், வைத்துக்கொள் அம்மா, நாங்கள் தேடிப் போகும் குழந்தைக்கு இந்தப் பொன் தேவையில்லை என்கிறார். அவள் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறாள்.

இதில் காதல் இல்லை, நம் தலைப்புக்கு நேராகப் பொருந்தாது. ஆனால் குடும்பத்தோடு பார்க்கும் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில், அதே வாழ்த்து அட்டைக் கம்பெனியின் பணத்தில், பிள்ளைக்காகத் திருடும் ஒரு அம்மாவைக் காட்ட முடிந்தது, அவளை யாரும் வெறுக்கவில்லை. வருஷா வருஷம் மறுபடி மறுபடி நடத்தினார்கள். ஆக, குடும்பப் பார்வையாளர் தாங்க மாட்டார்கள் என்கிற சாக்கு செல்லாது.

#12 கொங்குத்தமிழச்சி

பூனை, இதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் வேறு வேலை ஓடவில்லை. ‘என் பிள்ளை பட்டினி கிடக்கிறானே’ என்று அவள் பொன்னைப் பார்க்கிற அந்த நினைப்பு எனக்குத் தெரியும். பொன் இல்லை, வேறு விஷயம். பையனின் வகுப்பில் சுற்றுலாவுக்குப் பணம் கட்டச் சொன்ன மாசம்.

தறிச்சத்தம் அண்ணா, நீங்கள் சொன்ன ‘நல்லவளாக இருந்தால்தான் காதல்’ என்பதையும் யோசித்தேன். உண்மைதான். எங்களை எல்லாரும் மார்க் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள், பிள்ளை மார்க் குறைந்தால் எங்களுக்கு மார்க் குறையும். படத்திலாவது அவள் ஒருநாள் பிள்ளையிடம் கத்திவிட்டு, அப்புறம் போய்ப் பக்கத்தில் படுத்துக்கொள்ளட்டும். அதைப் பார்த்த பிறகும் அந்த மனுஷன் மறுநாள் வரட்டும். அதுதான் எனக்குக் காதல் காட்சி.

#13 ஒட்டாவாகுளிர்

அக்கா, அந்தக் காட்சிக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. என் நேரக் கணக்கு இங்கே எடுபடாது.

பனிக்காலம் சொன்ன 24-ஆம் தேதிக் கதையை நாமே கொஞ்சம் கட்டிப் பார்ப்போமா? ஊர் சின்னதாக இருக்கட்டும். முன்னாள் கணவன் அதே ஊரில். கெட்டவன் இல்லை, சேர்ந்து வாழ முடியவில்லை, அவ்வளவுதான். பெண் பிள்ளைக்குப் பள்ளியில் 23-ஆம் தேதி கச்சேரி. முதல் வரிசையில் அம்மா, அப்பா இருவரும் ஒரு நாற்காலி இடைவெளி விட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த நடு நாற்காலியில் யார் உட்காருவது என்று தெரியாமல் நம் நாயகன் பின்னாலேயே நிற்கிறான். அது மூன்றாவது துண்டின் முடிவு.

#14 மாடிப்படி

அந்த நாற்காலிக்குப் பாட்டியைக் கூட்டிவந்து உட்கார வையுங்கள். அப்பா பக்கத்துப் பாட்டி. மருமகள் போனாலும் பேத்தி போகவில்லையே.

#15 தறிச்சத்தம்

நாயகன் வேலையில் இருக்கட்டும், சாதாரண வேலை, பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன் மாதிரி. அவளுக்கும் கடைசிவரை அவள் வேலை இருக்க வேண்டும். கார் பழுதாகி அவள் செலவைக் கணக்குப் போடும் ஒரு காட்சியாவது வேண்டும், அவன் காசு கொடுக்காமல் காலையில் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகட்டும். இது இருந்தால் நான் முதல் ஆளாகப் பார்ப்பேன்.

#16 பனிக்காலம்

பாட்டி, பேருந்து இரண்டையும் எடுத்துக்கொண்டேன். 24 ராத்திரி பிள்ளையை இறக்கிவிட்டு அவள் எங்கே போகிறாள் என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை. நேரே அவனிடம் போனால் எனக்குப் பிடிக்காது. அக்கா, நீங்களாக இருந்தால் எங்கே போவீர்கள்?

#17 கொங்குத்தமிழச்சி

முதலில் வீட்டுக்குப் போய்த் தூங்குவேன். இரண்டு மணி நேரம், போனை அணைத்துவிட்டு. எழுந்து முகம் கழுவி நல்ல சேலையாக ஒன்றைக் கட்டிக்கொண்டு, உங்கள் கதையில் என்றால் நல்ல கவுனாக ஒன்றைப் போட்டுக்கொண்டு, அதற்கு அப்புறம் அவனைக் கூப்பிடுவேன். அவன் அதுவரை காத்திருக்க வேண்டும். முத்தம் எப்போதும் போலக் கடைசியில் வரட்டும், அதை மட்டும் யாரும் மாற்றாதீர்கள்.